அரை அங்குலம் பெரிய தட்டு

குழாயைத் திறந்து பத்து நிமிஷம் ஆகியும் ஒரு சொட்டு வரவில்லை.

டெல்பர்ட் ஸாஸ்ட்ரோ கராஜின் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, ஆரஞ்சு நிற ஊறல் டிரம்முக்கு அடியில் முகத்தைக் கொண்டுபோய்க் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். டிரம்முக்குள் பதிமூன்று பவுண்டு முளைகட்டிய பார்லி, வெந்நீரில் ஊறிக் களியாகி அடியில் அப்பிக் கிடந்தது. கீழே வடிய வேண்டிய தித்திப்புத் தண்ணீர் மேலேயே தேங்கி நின்றது. குழாயில் வாயை வைத்து ஊதினார். உள்ளே ஒரு குமிழி மேலே போய் வெடிக்கும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அப்புறம் ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினார். அதைச் செய்திருக்கக் கூடாது.

சமையலறைப் பக்கமிருந்து மனைவி மார்லிஸின் குரல் வந்தது. "என்ன சத்தம் அங்க?"

"ஒண்ணுமில்ல."

"அலறின மாதிரி இருந்துச்சே?"

"காபி சூடா இருந்துச்சு."

"உன் காபி இங்க மேசை மேல இருக்கு, டெல்."

டெல்பர்ட் சுட்ட நாக்கை வெளியே நீட்டிப் பிப்ரவரிக் காற்றில் ஆற்றிக்கொண்டார்.

வழக்கமான ஊறல் என்றால் கொட்டிவிட்டுப் போயிருப்பார். இது மகள் கொரீனின் கல்யாண பீர். மே மாதம் கல்யாணம். நிச்சயத்தன்று சர்ச் ஹாலில் எல்லார் முன்னாலும், "ரெண்டு பீப்பாய் பீர் நானே காய்ச்சித் தர்றேன்" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா மில்வாக்கியில் முப்பது வருஷம் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். "வீட்டுலயா? கராஜுலயா? பாப்போம், பாப்போம்" என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் டெல்பர்ட்டின் காதில் இருந்தது. இந்த மாதத்தில் இரண்டாவது முறையாக ஊறல் அடைத்துக்கொண்டது.

காரணம் அவருக்குத் தெரியும். டிரம்மின் அடியில் வடிகட்டிக்குப் பதிலாக அவர் போட்டிருந்த கம்பிவலைக் குழாய் நசுங்கிவிட்டது. அந்த இடத்தில் இருக்க வேண்டியது பொய்யடி. பொய்யடி என்பது வட்டமாக ஓட்டை ஓட்டையாகத் துளைத்த ஒரு எஃகுத் தட்டு. டிரம்மின் நிஜ அடிக்கு ஒரு அங்குலம் மேலே அது நிற்கும். தானியம் தட்டின் மேல் தங்கும், தண்ணீர் கீழே இறங்கும். அவ்வளவு சின்ன விஷயத்துக்குக் கடையில் எண்பத்தைந்து டாலர் கேட்டார்கள். டெல்பர்ட் ஒரு பனி தள்ளும் வண்டியை இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறவர். தன் குளிர்க் கையுறைக்கே மூன்று ஒட்டுப் போட்டிருந்தார்.

பணம் மட்டும் இருந்தால் போதாது, இன்னொரு சிக்கலும் இருந்தது. போன நவம்பரில், அடுக்கி வைத்திருந்த அண்டா ஒன்று சரிந்து மார்லிஸின் கார் கண்ணாடியை உடைத்தபோது, இனி பீர் சாமான் ஒன்றுகூட இந்த வீட்டுக்குள் வராது என்று அவர் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். மார்லிஸ் கத்துகிற ஜாதி இல்லை. அண்டாவை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்தாள். சத்தியம் தானாக வாயிலிருந்து வந்துவிட்டது.

ஆகவே, மலிவாக வேண்டும், ரகசியமாகவும் வேண்டும்.

அன்று மத்தியானமே இரண்டும் கிடைத்தன. மாவட்டத்தில் பழைய சாமான் விற்கிறவர்களுக்கென்று போனில் ஒரு பக்கம் உண்டு. பேர் போட வேண்டாம், முகம் காட்ட வேண்டாம். அதில் புதிதாக ஒரு வரி: 'ஓட்டை போட்ட வட்ட எஃகுத் தட்டு. ஏறத்தாழ பன்னிரண்டு அங்குலம். பன்னிரண்டு டாலர். டெஸ்கே சோளக் கடையில் வைத்திருக்கும். பணத்தை டப்பாவில் போடவும்.'

டெல்பர்ட்டின் டிரம் சரியாகப் பன்னிரண்டு அங்குலம். சுட்ட நாக்கோடு சிரித்துக்கொண்டார்.

*

டெஸ்கே சோளக் கடை என்பது சாலையோரத்தில் மூன்று பக்கம் பலகை அடித்த ஒரு கூடு. கோடையில் அங்கே சோளத்தைக் குவித்து வைத்திருப்பார்கள், ஆள் இருக்காது. வேண்டியவர் எடுத்துக்கொண்டு டப்பாவில் காசு போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். கிழவர் டெஸ்கே செத்த பிறகு சோளமும் இல்லை. பழைய சாமானை முகம் பார்க்காமல் கைமாற்றுகிறவர்களுக்கு அந்த இடம் வசதியாகிப் போனது.

ஞாயிறு மத்தியானம், வண்டிக்கு டீசல் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு டெல்பர்ட் அங்கே போனார். சுற்றிலும் வெறும் பனி. காற்றுகூட இல்லை. பலகைமேல் பழைய துண்டு ஒன்றில் சுற்றி, தட்டு கிடந்தது. குழந்தையைப் போர்த்தி வைத்த மாதிரி நான்கு முனையையும் ஒழுங்காக மடித்திருந்தார்கள்.

பிரித்துப் பார்த்தார். நல்ல கனமான தட்டு. ஓட்டைகள் சீராக இருந்தன. ஆனால் கையில் எடுத்த நொடியில் அவருக்கு ஏதோ செய்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோம். எங்கே? நினைவு தொண்டை வரைக்கும் வந்து இறங்கிவிட்டது.

டெல்பர்ட்டுக்கு அந்த உணர்ச்சி கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் அப்பாவுக்கு அறுபது வயதில்தான் ஆரம்பித்தது. ஒரே மாதத்தில் ஒரே கடைக்கு நாலு தடவை போய், ஒரே மாதிரி சுத்தியலை நாலு தடவை வாங்கி வந்தார். ஐந்தாவது தடவை கடைக்காரரே வீட்டுக்குப் போன் செய்தார். டெல்பர்ட்டுக்கு இப்போது ஐம்பத்தொன்பது.

"தட்டுன்னா எல்லாம் தட்டு மாதிரிதான் இருக்கும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பணத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில், மார்லிஸ் பாடகர் குழு ஒத்திகைக்குப் போயிருந்த நேரத்தில், தட்டை டிரம்முக்குள் இறக்கிப் பார்த்தார். இறங்கவில்லை. சாய்த்துப் பார்த்தார். மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். அளந்தால் பன்னிரண்டரை. அரை அங்குலம் பெரிசு.

அதனாலென்ன? நீல பென்சிலால் தட்டின் நடுவில் '12' என்று எழுதி, விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டுக் கட்டிங் மெஷினை எடுத்தார். பாதி வட்டம் அறுத்திருப்பார், வேலை இடத்திலிருந்து போன். நெடுஞ்சாலையில் பனி மூடுகிறது, உடனே வா. தட்டைக் குளிர்கால டயர்களுக்குப் பின்னால் செருகிவிட்டு ஓடினார்.

மூன்று நாள் விடாமல் பனி. புதன்கிழமை திரும்பி வந்து டயர்களை நகர்த்தினால், தட்டு இல்லை.

*

முதலில் டயர்களுக்குப் பின்னால் தேடினார். அப்புறம் டயர்களுக்குள். அப்புறம், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், தன் கோட்டுப் பையிலும் கை விட்டுப் பார்த்தார்.

கராஜ் பூட்டு அப்படியே இருந்தது. அறுத்த இரும்புத் துருவல்கூடத் தரையில் அப்படியே இருந்தது. இருநூறு டாலர் பெறும் கட்டிங் மெஷினை விட்டுவிட்டு, பாதி அறுத்த பன்னிரண்டு டாலர் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான்? மார்லிஸைக் கேட்க முடியாது. கேட்டால், 'என்ன தட்டு?' என்பாள். தவிர, அவள் கராஜுக்குள் வருவதே இல்லை. ஊறல் வாசம் அவளுக்குக் குமட்டும்.

அப்படியானால் நான் அதைக் கொண்டுவரவே இல்லையா?

அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டுப் போனை எடுத்தார். புதிய வரி ஒன்று காத்திருந்தது: 'வட்டத் தட்டு. ஒரு பக்கம் மட்டும் அறுத்திருக்கிறது. யார் அறுத்தார்கள் என்று தெரியவில்லை. எட்டு டாலர். அதே இடம்.'

"அட, என்னை மாதிரியே ஒரு முட்டாள் இருக்கான்" என்று டெல்பர்ட்டுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சோளக் கடையில் அந்தச் சந்தோஷம் போயிற்று. துண்டைப் பிரித்தால், பாதி வட்டம் அறுத்த தட்டு. நடுவில் நீல பென்சிலில் '12'. அவர் எழுதுகிற இரண்டு, கழுத்தை வளைத்துத் தண்ணீர் குடிக்கும் வாத்து மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். அந்த வாத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டெல்பர்ட் மெதுவாகத் திரும்பி, சாலையை இரு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. பனியில் கடை வரை வந்து திரும்பிய காலடித் தடம் ஒன்று, பின்னாலிருந்த மரங்களுக்குள் போய் மறைந்தது.

தன் சொந்தத் தட்டை மறுபடி காசு கொடுத்து வாங்குவதா? வாங்காமல் எடுத்துக்கொண்டு போனால் திருட்டு. விட்டுவிட்டுப் போனால் கல்யாணத்துக்கு பீர் இல்லை. எட்டு டாலரை டப்பாவில் போட்டார். போட்ட சத்தம் கேட்டு, பக்கத்து மரத்திலிருந்து ஒரு காக்கை எழுந்து பறந்தது. டெல்பர்ட்டும் கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு எழும்பினார்.

அன்றே மீதி வட்டத்தை அறுத்தார். அவசரத்தில் ஒரு பக்கம் கூடுதலாக அறுந்துவிட்டது. அந்த இடைவெளியில் தானியம் இறங்கிவிடும் என்று ரப்பர் குழாயைக் கீறி விளிம்பைச் சுற்றிப் பொருத்தினார். தட்டு டிரம்முக்குள் 'சப்' என்று போய் உட்கார்ந்தது.

மறுநாள் ஊறல் போட்டார். குழாயைத் திறந்தார். தித்திப்புத் தண்ணீர் கண்ணாடி மாதிரி, தேன் நிறத்தில், ஒரே சீராக இறங்கியது. பீர் காய்ச்ச ஆரம்பித்த இந்தப் பதினொரு வருஷத்தில் அவருக்கு அப்படி இறங்கியதில்லை. ஒரு முழு பீப்பாய்க்கு ஆயிற்று. டெல்பர்ட் தட்டைக் கழுவித் துடைத்து, ஒரு தட்டோடு பேசக்கூடாது என்று தெரிந்தும், "இன்னும் ஒரு தடவைதான். அப்புறம் எங்க வேணா போ" என்றார். டிரம்முக்குள்ளேயே வைத்து, மூடியைப் போட்டு, மேலே இரண்டு உப்பு மூட்டையை ஏற்றி வைத்தார்.

திங்கட்கிழமை பார்த்தபோது உப்பு மூட்டைகள் இரண்டும் மூடியின் மேல் ஒழுங்காக இருந்தன. மூடியும் இறுக்கமாக இருந்தது. டிரம் காலி.

*

அந்த வாரம் டெல்பர்ட் சரியாகச் சாப்பிடவில்லை. மார்லிஸும் சாப்பிடவில்லை என்பதை அவர் கவனித்தார். அவள் முகம் வெளுத்திருந்தது. கராஜ் வாசலில் வழுக்காமல் இருக்க எப்போதும் ஒரு கைப்பிடி உப்புப் போடுவாள், இப்போது வாளி வாளியாகக் கொட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷக் குருத்தோலை ஒன்றைச் சிலுவையாக மடித்து, சமையலறையிலிருந்து கராஜுக்குப் போகும் கதவில் ஒட்டியிருந்தாள்.

கண்டுபிடித்துவிட்டாள், என்று டெல்பர்ட் நினைத்தார். என் புத்தி போய்க்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். அம்மாவும் இப்படித்தான், அப்பாவுக்குத் தெரியாமல் ஜெபம் பண்ணுவாள்.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டெல், ஒண்ணு கேக்கணும். நம்ம வீட்டுல எதாச்சும் மாறியிருக்குன்னு உனக்குத் தோணுதா?"

"என்ன மாதிரி?"

"சாமான். இருக்க வேண்டிய எடத்துல இல்லாம, இருக்கக் கூடாத எடத்துல இருக்கிற மாதிரி."

அப்பாவிடம் டாக்டர் கேட்ட கேள்வி கிட்டத்தட்ட இதேதான். டெல்பர்ட் முந்திக்கொண்டார். "எனக்கு எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்குப் புதன்."

"அதான். புதன்."

"கராஜுக்குள்ள நீ எதுவும் கொண்டுவரலியே?"

"நானா? சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேனே!"

அவள் முகம் இன்னும் வெளுத்தது. 'கொண்டுவந்தேன்' என்று அவர் சொல்லியிருந்தால் நிம்மதியாகியிருப்பாள் போல ஒரு கணம் தோன்றிற்று. ஆனால் அதில் அர்த்தமில்லை என்று விட்டுவிட்டார்.

"நீ எதாச்சும் சொல்லணுமா, மார்லிஸ்?"

"இல்ல" என்றாள் அவசரமாக. "நீ?"

"எனக்கென்ன இருக்கு?"

மேசைக்கு மேலே கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொரு வருஷத்தில், சாப்பிடும்போது அவள் அப்படிச் செய்ததில்லை. இரண்டு பேர் கையும் சில்லிட்டிருந்தது.

பாவம், இப்போதே என்னை இழந்துவிட்ட மாதிரி பிடிக்கிறாளே, என்று டெல்பர்ட் நினைத்துக்கொண்டார்.

*

சனிக்கிழமை காலை போனில் அந்த வரி வந்துவிட்டது.

'ஓரத்தில் ரப்பர் சுற்றிய தட்டு. மூன்று டாலர். வேண்டாம், சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டு தூரமாகப் போய்விடுங்கள்.'

டெல்பர்ட் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, கட்டை விரலால் பதில் அடித்தார்: 'ஏன் தூரமாக?'

பதில் வந்தது: 'அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.'

அவர் மறுபடி அடித்தார்: 'நீங்கள் யார்?'

'நீங்கள் யார்?'

வீட்டுக்குள் எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம். மார்லிஸ் வெளியே போகிறாள் போல. டெல்பர்ட் பாத் டப்பின் விளிம்பில் உட்கார்ந்து யோசித்தார். போகக்கூடாது. புத்தியுள்ளவன் போகமாட்டான். ஆனால் இரண்டாவது பீப்பாய் பாக்கி. தவிர, சும்மா தருகிறார்கள்.

மத்தியானம் ஏரிப்பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்து வயல்களையெல்லாம் விழுங்கியிருந்தது. வண்டியை ஒரு ஃபர்லாங்குக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு நடந்து போனார். நடக்கிற சத்தம்கூடப் பஞ்சுக்குள் போவது மாதிரி அமுங்கிப் போயிற்று. சோளக் கடை திடீரென்று முகத்துக்கு நேரே முளைத்தது. இந்தத் தடவை துண்டு இல்லை. தட்டு மட்டும் வெறும் பலகைமேல் கவிழ்ந்து கிடந்தது, யாரோ தூரத்திலிருந்து விட்டெறிந்துவிட்டு ஓடின மாதிரி.

எடுத்தார். ரப்பர் குழாய், கூடுதலாக அறுத்த பக்கம், வாத்து. எல்லாம் இருந்தது.

அப்போதுதான் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது.

இருபதடி தள்ளி, மூடுபனிக்குள் ஒரு உருவம். தலைக்கு மேலே முக்காடு. முகம் தெரியவில்லை. அது ஒரு அடி முன்னால் வைத்து நின்றது. டெல்பர்ட் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஓட்டைகள் வழியாகப் பார்த்தார். அந்த உருவம் நூறு துண்டாகத் தெரிந்தது. ஒரு கை நெஞ்சுக்குப் போயிற்று. ஒரு அடி பின்னால். இன்னொரு அடி. அப்புறம் அது திரும்பி, மரங்களை நோக்கி ஓட ஆரம்பித்தது.

பேய் ஓடுமா என்று யோசிக்க டெல்பர்ட் அங்கே நிற்கவில்லை. அவர் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.

*

நேரே உறைந்த ஏரிக்குப் போனார். பனியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் எர்வின், ஊரில் வீட்டு பீர் காய்ச்சுகிறவர்கள் சங்கத்துக்குத் தலைவர். டெல்பர்ட் தட்டை அந்தத் துளைக்குள் போட்டார். அது துளையின் மேல் மூடி மாதிரி உட்கார்ந்துகொண்டது.

"என்னப்பா பண்றே? என் மீனுக்கு மூச்சு முட்டும்" என்றார் எர்வின்.

"உள்ள போகமாட்டேங்குது."

"துளை பத்து இஞ்ச். இது பன்னெண்டு இருக்கும்போல. இன்னும் ரெண்டு இஞ்ச் அறுத்தீன்னா போவும்."

"இனிமே நான் எதையும் அறுக்கறதா இல்ல, எர்வின்." டெல்பர்ட் பனிமேலேயே உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

எர்வின் தூண்டிலைக் கீழே வைத்தார். "எந்தக் கடைல எடுத்தேன்னு சொன்னே?"

"டெஸ்கே கடை."

"ஐயையோ."

"என்ன ஐயையோ?"

"கெழவன் டெஸ்கே பீர் காய்ச்சுவான், தெரியுமில்ல? செத்ததே ஊறல் டிரம் பக்கத்துலதான். கையில கரண்டி. சாமானெல்லாம் ஏலத்துல போச்சு. டிரம்ம நான்தான் எடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாத்தா, உள்ள பொய்யடி இல்ல. எங்க தேடியும் இல்ல." எர்வின் தட்டை ஒரு குச்சியால் தள்ளிப் பார்த்தார். "அந்த ஆளு யாருக்கும் எதையும் இரவல் குடுத்ததில்ல. செத்த பெறகும் குடுக்க மனசு வரல போலிருக்கு. தெனம் வந்து தூக்கிட்டுப் போறான்."

"தூக்கிட்டுப் போறவன் ஏன் எங்கிட்டயே விக்கறான்?"

"பழக்கம் விடுமா? ஏவாரி."

டெல்பர்ட் இதைச் சிரித்து ஒதுக்கியிருப்பார். ஆனால் அவருக்கு அதில் ஒரு விசித்திரமான ஆறுதல் இருந்தது. பேய் என்றால் புத்தி போகவில்லை. அப்பா மாதிரி ஆகவில்லை. கொரீனின் கல்யாணத்தில் மகள் யார் என்று தெரியும். மார்லிஸ் யார் என்று தெரியும். டெஸ்கேயின் பேயாக இருந்துவிட்டால் நல்லது என்று மனதார வேண்டிக்கொண்டார்.

"இத சர்ச்சுக்கு எடுத்துட்டுப் போ" என்றார் எர்வின். "பாஸ்டரம்மா கிட்டக் குடுத்து ஜெபம் பண்ணச் சொல்லு. அப்புறம், அவங்களுக்கு வேணாம்னா எனக்கு ஒரு போன் பண்ணு. என் டிரம்முக்கு ஆவும்."

*

பாஸ்டரம்மா சோல்வேக் சர்ச் அலுவலக அறையில் தனியாக இருந்தார். மேசைமேல் இரண்டு காபிக் கோப்பை. ஒன்று காலி. இன்னொன்றில் யாரோ வாயே வைக்காத காபி, இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது.

"உக்காருங்க டெல்பர்ட். என்ன, பேயைப் பாத்த மாதிரி இருக்கீங்க?"

"அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன்."

தட்டைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டெல்பர்ட் சொல்லிக்கொண்டே போனார். சத்தியத்தை மீறியதைச் சொன்னார். டீசல் என்று பொய் சொன்னதைச் சொன்னார். அப்பாவின் சுத்தியல்களைச் சொன்னார். "நானும் அப்படி ஆயிட்டா மார்லிஸ் என்ன பண்ணுவா, பாஸ்டரம்மா? அவ ஏற்கெனவே பாதியாயிட்டா. வாய தொறந்து கேக்கறதில்ல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

பாஸ்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவருடைய புருவம் மட்டும் மெல்ல மேலே ஏறிக்கொண்டே போயிற்று.

"அந்தத் தட்டு இப்ப எங்க?"

டெல்பர்ட் கோட்டைத் திறந்து அதை எடுத்து, இரண்டு கோப்பைகளுக்கும் நடுவில் மேசைமேல் வைத்தார். பாஸ்டரம்மா நாற்காலியோடு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, ரப்பர் விளிம்பைப் பார்த்தார், அறுத்த இடத்தைப் பார்த்தார், நீல பென்சில் எழுத்தைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. ஜெபம் பண்ணுகிறாரா, அழுகிறாரா என்று டெல்பர்ட்டுக்குப் புரியவில்லை.

"சொல்லக் கூடாதுதான்" என்றார் பாஸ்டரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா சொல்லலேன்னா உங்க ரெண்டு பேருக்கும் மாரடைப்பு வந்துடும். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் மார்லிஸ் இதே நாற்காலில உக்காந்து நடுங்கிட்டுப் போனா: கராஜைக் கொஞ்சம் காலி பண்ணலாம்னு உங்களுக்குத் தெரியாம அங்கேருந்து ஒரு பழைய தட்டை எடுத்து வித்தாளாம், விக்க விக்க அது வீட்டுக்கே திரும்பி வருதாம், அதுவும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்னதாகி!"